அண்ணன் வரிசை

எலியேத் கஸால்பூவின் ஒயின் பாட்டில்களில் 'கஸால்பூ குடும்பத் தோட்டம்' என்று அச்சடித்திருக்கும். கோடையில் பாரிஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஒயின் ருசி பார்க்க வருகிறவர்கள், "குடும்பம் எங்கே?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "வயலுக்குப் போயிருக்காங்க" என்பாள். அவர்களும் தலையாட்டிக்கொண்டு, நாலு பாட்டில் வாங்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாலும் அந்த வயலிலிருந்து ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். குடும்பம் என்பது அவள் ஒருத்திதான்.

நான் ரூகோம்ப் ஊரிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் ரொட்டி வண்டி ஓட்டுகிறவள். என் கணவர் ரொட்டி சுடுகிறார், நான் ஹாரன் அடிக்கிறேன். எலியேத்தும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் எனக்கு அவளிடம் மரியாதை கிடையாது, அவளுக்கும் என்னிடம் கிடையாது. தினமும் முழு ரொட்டி வாங்குவாள். தனி ஆளுக்கு அரை ரொட்டியே அதிகம். கேட்டால் "கோழிக்கு" என்பாள். அந்தக் கோழிகளை நரி தின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டு முழு ரொட்டியே கொடுத்து வருகிறேன்.

அவளுக்கு அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருபத்தைந்து வயதில் பெஸியேவிலிருந்து ஒரு ரயில்வேக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், நல்ல சட்டை. அவர் கேட்டது ஒன்றுதான்: ரயில்வே குடியிருப்புக்கு வந்துவிடு. அது ஜனவரி, கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடக்கிற மாசம். "கவாத்து முடியட்டும்" என்றாள். பிறகு வசந்தத்தில் மொட்டு விட்டது, மொட்டைப் பனி கருக்கியது, அப்பாவுக்குக் காது கேட்காமல் போனது, அறுவடை வந்தது. ரயில்வேக்காரர் வேறு ஊர் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போய்விட்டார். அவளைக் கேட்டால் வருத்தமில்லை என்பாள். எனக்கு வருத்தம் உண்டு. அவர்கள் கல்யாணத்துக்கு நான் துணிகூட எடுத்து வைத்திருந்தேன்.

எலியேத்துக்கு ஒரு அண்ணன். ஜில்பேர். இடது காலை இழுத்து நடப்பார், சின்ன வயதில் குதிரை மிதித்த கால். நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் வண்டிச் சக்கரம், எண்ணெய் போடாதது.

அவர்கள் அப்பா இறந்ததும் பாகப்பிரிவினை நடந்தது. எங்கள் சட்டத்தில் பிள்ளைகளுக்குச் சரிபங்கு. சரிவில் இருந்த அந்தப் பெரிய வயல், கொள்ளுத்தாத்தா நட்ட கரின்யான் திராட்சைக் கொடிகள் நிற்கிற வயல், நடுவே கம்பி இழுத்து இரண்டானது. கொடி என்று சொல்கிறேனே தவிர, கம்பியில் படர்கிற கொடி இல்லை அது. இடுப்புயரத்துக்குக் கறுத்து முறுக்கிக்கொண்டு நிற்கிற கட்டை. இளம் கொடி கூடை கூடையாகக் காய்க்கிற இடத்தில் அது ஒரு கை கொள்கிற அளவு கொடுக்கும். ஆனால் அந்தக் கையளவு பழத்தில் இருந்து வருகிற ஒயின் இருக்கிறதே, அதைக் குடித்த பிறகு மற்றதெல்லாம் சாயத்தண்ணீர்.

ஜில்பேருக்கு மனைவி, மகன், பெரிய டிராக்டர் என்று எல்லாம் இருந்த காலம் அது. கையளவு பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தன் பாதியைப் பிடுங்கினார். ஒரு பகலில் முடிந்தது. அங்கே புதுக் கொடி நட்டு, கம்பி கட்டி, கடையில் விற்கிற மருந்துகளை அடித்தார். அதுவரைகூட எலியேத் பொறுத்துக்கொண்டாள். பிறகு குளிர்காலம் வந்தது. பிடுங்கிய கட்டைகள் நின்று எரியும், நல்ல கணகணப்பு. தங்கை வீட்டில் குளிருமே என்று ஜில்பேர் ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டுபோய் அவள் வாசலில் கொட்டினார். அன்பாகத்தான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் வெளியே வந்து பார்த்தாள். "தாத்தா எலும்பைக் கொண்டாந்து போட்டுக் குளிர்காயச் சொல்றியா?" என்றாள். தெருவே கேட்டது. ஜில்பேர் கொட்டின கட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வண்டியில் ஏற்றினார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. அவர் மனைவியின் சவ அடக்கத்தில்கூட எலியேத் கடைசி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள். ஜில்பேரின் மகன் கனடாவுக்குப் போய்விட்டான். நீரடித்து நீர் விலகாது என்பார்கள். நீர் விலகுமா விலகாதா எனக்குத் தெரியாது, கஸால்பூக்கள் விலகிவிட்டார்கள்.

எலியேத் தன் பாதியை இயற்கை விவசாயத்துக்கு மாற்றினாள். அதற்குத் தருகிற பச்சை இலை முத்திரைக்கு ஒரு விதி உண்டு. பக்கத்து வயல்காரர் மருந்தடிக்கிறவராக இருந்தால், அவர் எல்லையை ஒட்டிய ஓர வரிசைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காற்றில் மருந்து வந்து படியும் அல்லவா? அந்தப் பழத்தைத் தனியாகப் பறித்து, தனித் தொட்டியில் போட வேண்டும். பச்சை இலை முத்திரை போட்டு விற்க முடியாது. எலியேத் தன் வயலில் அப்படி ஒதுங்கின இரண்டு வரிசைக்கும் 'அண்ணன் வரிசை' என்று பெயர் வைத்திருந்தாள். அந்த ஒயினை அவள் விற்பதே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், வருஷம் முழுவதும் அதைத்தான் குடிப்பாள்.

"மருந்து பட்டது விஷம்னு ஊருக்கெல்லாம் நீதானேடி சொல்றே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொஞ்சம் விஷம் உடம்புக்கு நல்லது" என்றாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாசக் கடைசியில், ஒயின் கிடங்கில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். விழுந்தது முந்தின நாள் மத்தியானம். நான் ஹாரன் அடித்தும் வரவில்லையே என்று உள்ளே போய்ப் பார்த்தது மறுநாள் காலை. இடைப்பட்ட நேரமெல்லாம் அந்தச் சிமெண்டுத் தரையில் கிடந்திருக்கிறாள். "கத்தியிருக்கலாமேடி" என்று அழுதேன். "யாரைப் பேர் சொல்லிக் கத்தறது?" என்று கேட்டாள்.

நார்போன் ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போனபோது ஆரஞ்சுப் பழம் கொண்டுபோனேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடல் காத்து வீசுதா?"

"வீசுது."

"மழை?"

"தூறல். தினமும்."

கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் மலைக்காற்று இலையை உலர்த்தும், கடல் காற்று நனைக்கும். நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். முதலில் இலையில் எண்ணெய்க்கறை மாதிரி வரும், பிறகு பிஞ்சு பழுப்பாகி உதிரும். அதற்கு இயற்கை விவசாயத்தில் அனுமதித்த மருந்து ஒன்றுதான், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கலவை. மழை ஒவ்வொரு முறையும் அதைக் கழுவிவிடும், ஒவ்வொரு முறையும் திரும்ப அடிக்க வேண்டும். கூலிக்கு அடிக்கிற ஆளுக்கு அவள் படுக்கையிலிருந்தே போன் போட்டுப் பார்த்தாள். அந்த வாரம் அவனைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. "நூறு வருஷம் நின்னதுடி. நான் படுத்த வருஷம் பார்த்துப் போகப்போகுது" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஜில்பேர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அவருக்கு அரை ரொட்டி. காசை எடுத்துக்கொண்டே எங்கோ பார்த்தபடி கேட்டார்:

"கம்பிக்கு அந்தப் பக்கம் இலையெல்லாம் எப்படியாம்?"

"ஏன், உன் கண்ணை அடகு வெச்சிட்டியா? நாலடி தள்ளித்தானே நிக்குது. எட்டிப் பாரு."

"எனக்கென்ன தலையெழுத்து" என்று உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில், அவர் காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதைப் பார்த்தேன். முதுகில் மருந்தடிக்கிற டேங்க் தொங்கியது. தொப்பி, மீசை, காது மடல் எல்லாம் நீலம்.

"என்ன ஜில்பேர், தலையிலே நீலமா இருக்கு?"

"வானம் இடிஞ்சு விழுந்துச்சு. உனக்கு ரொட்டி விக்கிற வேலை இல்லையா?"

ஆயுசு முழுக்க 'கொள்ளுத்தாத்தா கஷாயம்' என்று கிண்டலடித்த அந்த நீலத்தூளை, ஊர்க் கடையில் வாங்கினால் சிரிப்பார்கள் என்று வெளியூர் போய் வாங்கி வந்திருக்கிறார். பழைய கொடி வரிசைகள் குதிரை போகிற அகலத்துக்கு நட்டவை. அவர் டிராக்டர் அதில் நுழையாது. அறுபத்தொன்பது வயதில் அந்தக் காலோடு, கனமான டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, சேற்றில் வரிசை வரிசையாக நடந்திருக்கிறார். மழை கழுவக் கழுவத் திரும்பவும் நடந்திருக்கிறார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது பொய்யில்லை.

எலியேத்தை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் ரொட்டி வண்டியில் கூட்டி வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே சரிவுக்கு விடச் சொன்னாள். ஊன்றுகோலோடு இறங்கினாள். இலைகள் பச்சையாக, நீலப் புள்ளியோடு நின்றன. பிஞ்சுகள் உதிரவில்லை. அவள் இலையைத் தொடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். காய்ந்த சேற்றில் பூட்ஸ் தடம், ஒரு தடம் சரியாக, ஒரு தடம் இழுபட்டு. வரிசை நெடுக அதுதான்.

"யார்னு சொல்லாதே" என்றாள். "சொன்னா நான் போய் நன்றி சொல்லணும். எனக்கு இன்னும் பழக்கமாகலை."

ஜூன் கடைசியில் முத்திரை கொடுக்கிற நிறுவனத்திலிருந்து சோதனைக்காரர் வந்தார். திபோ என்று ஒரு இளைஞர், பொறுமைசாலி. வழக்கம்போல வயலின் நடுவிலிருந்து கொஞ்சம் இலை பறித்து உறையில் போட்டுக்கொண்டு போனார். மயில்துத்தத்துக்கு அனுமதி உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. ஜூலையில் திரும்ப வந்தார். அந்த நேரம் பார்த்து நானும் ரொட்டியோடு அங்கே நின்றேன். வயல் ஓரத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஜில்பேர் குறடு வைத்துக்கொண்டு, கட்டின கம்பியையே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

திபோ சங்கடத்தோடு சொன்னார். இலையில் வேறொரு மருந்து இருக்கிறது. கடை மருந்து, செடிக்குள்ளேயே ஊடுருவிப் போகிற வகை. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது.

எலியேத்துக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எனக்கும். டேங்கில் முன்பு இருந்த மருந்து. சரியாக அலசாமல் நீலத்தை ஊற்றியிருக்கிறார். அதையும் தன் பக்கத்து ஓரத்தில் ஆரம்பித்திருந்தால் அந்த மிச்சமெல்லாம் அண்ணன் வரிசையோடு போயிருக்கும், எப்படியும் கணக்கில் இல்லாத வரிசைதானே. ஆனால் நோய் அதிகம் பிடித்திருந்தது நடுவில், கொள்ளுத்தாத்தா முதன்முதலில் நட்ட இடத்தில். முதல் டேங்கை அங்கேதான் அடித்திருக்கிறார். அதைத்தான் முதலில் காப்பாற்ற நினைத்திருக்கிறார்.

"உங்க அனுமதி இல்லாம வெளி ஆள் யாராவது வந்து அடிச்சிருந்தா, போலீஸ்ல ஒரு புகார் குடுங்கம்மா" என்றார் திபோ. "இந்த வருஷ ஒயினுக்கு மட்டும் முத்திரை போகும். நீங்க அடிச்சதோ, நீங்க சொல்லி அடிச்சதோன்னா, இந்த வயலுக்கு மூணு வருஷம் முத்திரை கிடையாது. யார் அடிச்சது?"

மூன்று வருஷம் என்றால், வருஷா வருஷம் மொத்தமாக எடுக்கிற பெல்ஜிய வியாபாரி போய்விடுவார். இலை முத்திரை இல்லாத பாட்டிலை அவர் தொடமாட்டார். எலியேத் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள்.

"நான்தான் அடிச்சேன்."

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்களேம்மா."

"ஆள் வெச்சு அடிச்சேன்."

"யாரு?"

"பேர் மறந்துபோச்சு. விழுந்ததுல தலையிலயும் அடி."

கம்பிக்கு அப்பாலிருந்து குறடு கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொம்பளை பொய் சொல்லுதுன்னு எழுதிக்கோங்க தம்பி. அடிச்சது நான்."

எலியேத் திரும்பவில்லை. திபோவையே பார்த்தாள். "அவரை யார் கூப்பிட்டாங்கன்னு கேளுங்க."

"தீப்பிடிச்ச வீட்டுக்குப் பத்திரிகை வெச்சு அழைச்சாத்தான் வரணுமான்னு கேளுங்க!"

"தண்ணி ஊத்த வந்தவர் எண்ணெயை ஊத்தினாரேன்னு சொல்லுங்க!"

பாவம் திபோ, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்திருக்கும். "ஐயா, டேங்கை அலசலையா?" என்று கேட்டார்.

"அலசினேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை" என்றார் ஜில்பேர். "மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"மூணு தடவை அலசணும் ஐயா."

"சின்னப் பிள்ளையில முகத்தையே அவர் ஒரு தடவை கழுவ மாட்டார், அப்பா பிடிச்சு இழுத்துட்டுப் போவார்" என்றாள் எலியேத், யாரிடமோ சொல்வது போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப புகார் குடுங்கம்மா" என்றார் திபோ. "அவரே ஒத்துக்கறாரே. ஒரு கையெழுத்துதான்."

"குடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினார் ஜில்பேர். "என் பேரை நல்லாப் பெரிசா எழுதச் சொல்லுங்க!"

எலியேத் அப்போதுதான் திரும்பி அண்ணனை நேராகப் பார்த்தாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அவர் நரைத்துப்போனதை அன்றைக்குத்தான் அருகில் பார்த்திருப்பாள்.

"எங்க அப்பா வெச்ச பேரை நான் போலீஸ்ல எழுத மாட்டேன்" என்றாள். "மூணு வருஷம்னே எழுதிக்கோங்க தம்பி. என் அனுமதியோடதான் அடிச்சாங்க."

ஜில்பேர் குனிந்து குறடை எடுத்துக்கொண்டு, காலை இழுத்தபடி போய்விட்டார்.

மறுநாள் காலை ரொட்டி கொடுக்க உள்ளே போனேன். மேசையில் இரண்டு கிளாஸ், இரண்டும் துடைத்து, கவிழ்த்து வைத்தபடி இருந்தன. ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் கண்ணே சொன்னது.

"ரெண்டாவது கிளாஸ் யாருக்குடி?"

"கோழிக்கு" என்றாள்.

அந்த வருஷ அறுவடையில் ஓர வரிசைகளைத் தனியாகப் பறிக்கவில்லை. பிரித்து என்ன பயன்? எல்லாப் பழமும் ஒரே தொட்டிக்குள் போனது. "இந்த வருஷம் வயல் முழுக்க அண்ணன் வரிசைதான்" என்று பறிக்க வந்த ஆட்களிடம் சொன்னாள், அவர்களுக்குப் புரியவில்லை. கடைசி நாள் வழக்கம்போலக் காய்ந்த கொடிக்குச்சிகளில் தொத்திறைச்சி சுட்டோம். புகை கம்பியைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. ஆட்கள் ஊருக்குப் போனதும் அவள் தனியாகத் தட்டுகளைக் கழுவினாள். உதவட்டுமா என்றேன், வேண்டாமென்றாள். பெல்ஜியக்காரர் மரியாதையாக ஒரு போன் செய்து வருத்தம் தெரிவித்தார். பாட்டில்கள் கிடங்கில் அடுக்கியபடியே நின்றன.

இந்த வசந்தத்தில் ஒருநாள் முதல் பாட்டிலைக் கொண்டுவந்து என் வண்டியில், ரொட்டிக் கூடைக்குள் வைத்தாள். வெறும் காகித லேபிள், இலை முத்திரை இல்லை. 'கஸால்பூ குடும்பத் தோட்டம்' என்பதற்குக் கீழே 'அண்ணன் வரிசை' என்று அச்சடித்திருந்தாள்.

"நீயே கொண்டுபோய்க் குடேன். கம்பியைத் தாண்டினா வீடு."

"இடுப்பு உடைஞ்சவ கம்பி தாண்டுவாளா? நீ சுத்திக்கிட்டுப் போ."

ஊரைச் சுற்றிக்கொண்டு போனேன். ஜில்பேர் பாட்டிலை வாங்கி, ஒட்டியிருந்ததைப் படித்தார். கண்ணாடி போடாமல்தான் படித்தார், ஆனாலும் வெகுநேரம் படித்தார். உள்ளே எடுத்துப் போனார். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலையில் காலிப் பாட்டிலை என்னிடம் நீட்டினார். ஒட்டியிருந்த காகிதம் இல்லை, அதை உரித்து எடுத்துக்கொண்டிருக்கிறார். பாட்டில் பளிச்சென்று இருந்தது.

"அதுகிட்டக் குடு" என்றார். "மூணு தடவை அலசினேன்னு சொல்லு."

எலியேத்திடம் கொடுத்தேன். அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். உள்ளே ஒரு பொட்டு வாசனை இல்லை.

"நல்ல ஒயின் இருந்த பாட்டிலை எவனாவது இப்படி அலசுவானா, மடையன்" என்றாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, அந்தக் காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். "போடி, ரொட்டி ஆறிடும்" என்று துரத்தினாள்.

ஜில்பேர் வந்தாரா என்று கேட்காதீர்கள். வரவில்லை. மறுநாள் ஹாரன் அடித்ததும் எலியேத் ஊன்றுகோலோடு வந்து, முழு ரொட்டியை வாங்கி, நடுவே முறித்து, பாதியை என் கூடையிலேயே திரும்ப வைத்தாள்.

"அந்தப் பக்கம் போறப்ப அந்த ஆளுக்குக் குடுத்துடு" என்றாள். "இனிமே உன்கிட்டே அரை வாங்க வேண்டாம்னு சொல்லு."